சாயங்காலம் இல்லாத பாட்டு

சென்னை,
8.10.2023

அன்புள்ள ரோஷினி,

நான் நன்றாக இருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? அத்தையின் போனுக்கு எப்போது அடித்தாலும் மாமாதான் எடுக்கிறார். "ரோஷினிக்கு இப்ப போனு கீனு கிடையாதுத்தா. எதுவும் சொல்லணும்னா கடுதாசி போடு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால் இந்தக் கடிதம். நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

ஓர் உதவி வேண்டும். ஒரு கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பது பற்றிய கோட்பாடுகள் இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடம். ஆளுக்கொரு பாட்டு வீடியோவை எடுத்து, அந்தக் கோட்பாடுகளை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பெரிய பாட்டுகளை எடுத்தார்கள். நான் உன் அக்கா துணைமாலையின் முதல் வருஷ நினைவுநாளுக்கு மாமா எடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணுக்குப் பட்டுச்சேலை எடுத்துப் பெட்டியில் வைத்து வீட்டுச்சாமியாகக் கும்பிடுவது எங்கள் பேராசிரியருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சாமிக்குப் பாட்டு எடுத்து யூடியூபில் போடுவார்கள் என்பது தெரியவில்லை.

காட்சிகளை வரிசையாக எழுதிக்கொண்டேன். விளக்கு, பட்டுச்சேலை. பிறகு உயிரோடு துணைமாலை, மல்லிகைத் தோட்டத்தில். பாம்பு. விழுகிறாள். மாமா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். லோடு வண்டி. புழுதி. மறுபடி விளக்கு. கடைசியில் வெளிச்சத்தின் நடுவே நின்று கையை உயர்த்துகிறாள்.

அமைதி. குலைவு. வேறோர் அமைதி. பாடத்தில் இருப்பது போலவே இருக்கிறது.

வீடியோவின் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை நீ பார்த்திருக்க மாட்டாய். "தாயே, இந்த வருஷமாவது மகளுக்கு வரன் அமையணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். துணைமாலை அக்காவிடம்.

அக்காவாக நடித்தது நீதானே. படப்பிடிப்பில் நடந்ததையெல்லாம் எழுது. யார் என்ன பேசினார்கள் என்பதுவரை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுவாதி


பரளச்சி,
29.10.2023

அன்புள்ள சுவாதி மதினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா தைலம் தேய்க்கிறாள், வலி இருக்கிறது. ஹாஸ்டல் சாப்பாட்டில் நீங்கள் இளைத்திருப்பீர்கள் என்று எழுதச் சொன்னாள். மழை உழவுக்குப் போதுமானதாகப் பெய்தது. மக்காச்சோளம் போடுகிறார்கள். நம் உரக்கடையில் கூட்டம்.

உங்கள் கடிதத்தை அப்பாதான் பிரித்து வாசித்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "எம்மக பாட்டு மெட்ராஸுல பாடமாம்ல" என்று காட்டினார். இந்தக் கடிதத்தையும் அவர் வாசித்த பிறகுதான் ஒட்டுவார். ஆகவே விவரங்கள் சரியாக இருக்கும்.

பாட்டை எடுத்தது அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ராஜபாண்டி அண்ணன். கல்யாண வீடியோவும் எடுப்பார், நினைவுப் பாட்டும் எடுப்பார். எனக்கு அக்காவின் முகச்சாயல் என்பதால் என்னையே நடிக்கச் சொன்னார்கள். அக்காவின் பச்சைத் தாவணி. பாம்பு ரப்பர். கம்ப்யூட்டரில் நெளிய வைத்தார்கள்.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காட்சியைப் பல தடவை எடுத்தார்கள்.

"அண்ணாச்சி, அழுகை பத்தலை" என்றார் ராஜபாண்டி அண்ணன்.

"ஏலே, பெத்தவனுக்கே நீ அழுகை சொல்லித் தாரியா?"

"அதுக்கில்லண்ணாச்சி. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுறது, லோடு இறக்கப் போற மாதிரி தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அடுத்த தடவை நிஜமாகவே அழுதார். வேடிக்கை பார்த்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஓடும்போது என் காதில், "ஏத்தா, நீயும் என்னைய இப்பிடி ஓட வச்சிராத" என்றார். அப்பாவின் பாசம் ஊருக்கே தெரிந்ததுதான்.

நான் பி.காம். முதல் வருஷத்தோடு நின்றது உங்களுக்குத் தெரியும். மறுபடி போகட்டுமா என்று கேட்டேன். அக்காகிட்டயே கேட்டுருவோம் என்றார் அப்பா. ஐப்பசி முதல் வெள்ளியில், சேலைப் பெட்டிக்கு முன்னால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிப் போட்டு, அம்மாவைக் கண்ணை மூடி எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. அக்கா வேண்டாம் என்கிறாள். ஆகவே போகவில்லை.

பாடத்துக்கு வேறென்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

அன்புள்ள,
ரோஷினி


சென்னை,
14.11.2023

அன்புள்ள ரோஷினி,

சுகமா? இங்கே விடாத மழை. துணி எதுவும் காயவில்லை, தொண்டை கட்டியிருக்கிறது. மற்றபடி நலம்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பூ விஷயம் கஷ்டமாக இருந்தது.

சில கோட்பாட்டுக் குறிப்புகளை நகலெடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வாசி, பிடிக்கும். கதையில் வருபவர்களை அவர்கள் செய்யும் வேலையை வைத்துப் பிரிக்கிறார்கள். தலைவி, எதிரி, உதவுபவர். நம் பாட்டில் எதிரி பாம்பு. உதவுபவர் மாமா. நடந்த நேரம் வேறு, சொல்லும் நேரம் வேறு என்றும் சொல்கிறார்கள். அதை வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது.

அக்கா விழும்போது நிழல் காலடியில் கிடக்கிறது. உச்சிப்பொழுது. வண்டி நிற்கிறது, புழுதி எழுகிறது, அடுத்த காட்சியில் இருட்டிவிட்டது. விளக்கு எரிகிறது. நடுவில் ஒரு சாயங்காலம் முழுவதையும் காணோம். இதற்கு 'விடுபாடு' என்று பெயர். குறை இல்லை, உத்தி. ஆனால் ஏன் அந்த இடத்தில் விட்டார்கள் என்று கட்டுரையில் சொல்ல வேண்டும். பாட்டின் நீளம் கருதியா?

மதுரையில் எங்கள் வீட்டுக்கும் பாம்பு என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தச் சாயங்காலம் எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தீர்கள் என்றுகூட நான் கேட்டதில்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

சுவாதி


சென்னை,
3.1.2024

ரோஷினி,

நலமா? புது வருஷ வாழ்த்து. பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா?

ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி போதும். நான் நலம்.

சுவாதி


பரளச்சி,
11.2.2024

அன்புள்ள மதினிக்கு,

அனைவரும் நலம். உங்கள் தொண்டை சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். சோளம் அறுத்தாயிற்று. அம்மாவுக்கு மட்டும் காய்ச்சல் வந்து போனது.

விடுபாடு என்ற சொல் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எதை விட்டோம், எல்லாம்தான் இருக்கு என்றார். அது படிப்பில் உள்ள வார்த்தை, எல்லாப் பாட்டிலும் உண்டு என்று விளக்கினேன். நீங்கள் அனுப்பிய தாள்களைக் காட்டினேன். அவற்றைக் கடையில் வைத்திருந்து பொங்கல் கழித்துத்தான் கொடுத்தார்.

எனக்கு இந்தப் பாடம் பிடித்திருக்கிறது. பயிற்சிக்காக நானே ஒரு வீடியோவைக் கற்பனை செய்து எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்.

காட்சி ஒன்று. கடற்கரை. படகோட்டியும் மனைவியும் இரண்டு பெண்களும். அமைதி.

காட்சி இரண்டு. மூத்தவள் எதையோ குடித்துவிட்டாள். உச்சிப்பொழுது. எதிர்க்கரையில் வைத்தியர்.

காட்சி மூன்று. படகு கரையில் நிற்கிறது. நல்ல படகு. துடுப்பு இருக்கிறது. படகோட்டி துடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறான்.

காட்சி நான்கு. உட்கார்ந்திருக்கிறான்.

காட்சி ஐந்து. பொழுது அடைகிறது. எழுந்து படகை எடுக்கிறான். வேகமாகத் துடுப்புப் போடுகிறான். கரையில் நிற்பவர்கள், எவ்வளவு வேகமாகப் போகிறான் பார் என்கிறார்கள்.

அப்பா வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"கண்மாயிலயே தண்ணி கிடையாது. கடலைக் கண்ணால பாக்காத பிள்ள படகுக் கதை எழுதுது. அவன் எதுக்குத் துடுப்பு மேல உக்காந்திருக்கான்?"

"கதையில அதைச் சொல்லலப்பா."

"சொல்லாததுக்கு எதுக்கு எழுதுன?"

என்று கேட்டுக்கொண்டே தாளைத் திருப்பித் தந்தார்.

என் கேள்வி இதுதான் மதினி. உதவுபவரும் எதிரியும் ஒரே ஆளாக இருக்கலாமா? குறிப்புகளில் இல்லை.

அன்புள்ள,
ரோஷினி


சென்னை,
20.2.2024

அன்புள்ள ரோஷினி,

சுகமாக இரு. அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா?

படகுக் கதை வந்தது. வாசித்து முடித்ததும் கீழே போய் விடுதி வாசலில் நின்றேன். வெயிலில் சும்மா நின்றேன். பிறகு வந்து மறுபடி வாசித்தேன்.

இருக்கலாம். ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்யலாம்.

பயிற்சிக்காக எனக்கும் சில கேள்விகள். அவள் ஏன் குடித்தாள்? குடித்தது எங்கிருந்து வந்தது? அவன் உட்கார்ந்திருந்தபோது மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்?

பதில் வேண்டாம் என்று தோன்றினால் எழுத வேண்டாம்.

சுவாதி


பரளச்சி,
17.3.2024

அன்புள்ள மதினிக்கு,

இங்கே சுகம். நல்ல வெயில். உங்கள் பரீட்சை நன்றாக நடக்க வேண்டும்.

கதையின் மீதி.

வேறு கரையைச் சேர்ந்த ஒருவனோடு மூத்தவள் பேசினாள். போனைப் பிடுங்கினார்கள். அறையில் போட்டுப் பூட்டினார்கள். படகுக்குப் பூசுகிற மருந்து அந்த அறையில்தான் இருந்தது. பூட்டியவர்கள் அதை யோசிக்கவில்லையா, யோசித்தார்களா என்பது கதையில் தெளிவாக இல்லை.

தாய் இருந்தாள். ஒரு தடவை, "கிளம்புங்களேன்" என்றாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

தங்கை இருந்தாள். துடுப்பைத் தொட்டாள். படகோட்டி அவளைப் பார்த்தான். அவள் கையை எடுத்துவிட்டாள்.

மூத்தவள் தண்ணீர் கேட்டாள்.

அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. கடையில் வேலை, அவசரமாக வாசித்தார் என்று நினைக்கிறேன்.

அன்புள்ள,
ரோஷினி


சென்னை,
2.4.2024

அன்புள்ள ரோஷினி,

எப்படி இருக்கிறாய்? நிஜமாகக் கேட்கிறேன்.

கருத்தரங்கில் கட்டுரையை வாசித்துவிட்டேன். பாராட்டினார்கள். விடுபாடு பற்றிய பகுதியை இதழுக்கு அனுப்பச் சொல்கிறார் பேராசிரியர். கைதட்டி முடிப்பதற்குள் மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

படகுக் கதையை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கதை யார் வாயில் இருக்கிறதோ, அதிகாரம் அவர் கையில். படகோட்டி சொல்கிறான். ஊர் கேட்கிறது. மகளைச் சாமியாக்குகிறான். பிறகு அந்தச் சாமியின் வாயாலேயே தங்கையை வீட்டில் இருத்திவைக்கிறான். கரையில் நின்று பார்த்தவர்களுக்குக் காட்சி ஐந்து மட்டும்தான் தெரியும். மூன்றும் நான்கும் தெரியாது. அதனால்தான் அழுகிறார்கள். தெரிந்துவிட்டால் அந்தக் கதை ஒரு நாள்கூட நிற்காது. சாமி போய்விடும். தங்கையைத் தடுக்க அவனிடம் எதுவும் மிஞ்சாது. அவள் படிக்கப் போகலாம்.

அடுத்த படத்தில் தங்கை பேசட்டும். எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில்.

இது என் கருத்துதான்.

அத்தைக்கு என் அன்பு.

சுவாதி


பரளச்சி,
25.5.2024

அன்புள்ள மதினிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உங்கள் கடிதத்தை அப்பா இரண்டு தடவை வாசித்தார். "படகுக்காரனும் பாவம்ல" என்றார்.

ஆவணியில் அக்காவுக்கு இரண்டாம் வருஷம். இரண்டாவது பாட்டு எடுக்கிறார்கள். ஊருக்கெல்லாம் சாப்பாடு. ராஜபாண்டி அண்ணன் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார். இந்த முறை நான் நானாகவே வருகிறேன். சேலைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிற தங்கை.

தங்கை பேசுவாள்.

ரோஷினி


பரளச்சி,
8.9.2024

அன்புள்ள சுவாதி மதினிக்கு,

உங்கள் உடம்பு சுகமா? எனக்கு ஒன்றும் இல்லை. யாரும் அடிக்கவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டிருப்பீர்கள்.

இதையும் அப்பா வாசிப்பார். வாசிக்கட்டும்.

நம் வீட்டு வாசலில் பந்தல். பரளச்சி முழுக்க வந்திருந்தது. திருச்சுழியிலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்தார்கள். பெட்டியைத் திறந்து அக்காவின் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு ஸ்பீக்கரில் ஓடியது. பாட்டை நிறுத்துங்கள் என்றேன். நான் அழ வசதியாகக் கேட்கிறேன் என்று நினைத்து நிறுத்தினார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்று சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க அக்காவப் பாம்பு கடிக்கல. பாலவனத்தத்துப் பையன்கூடப் பேசுனான்னு உர ரூம்புல போட்டுப் பூட்டுனாக. அங்க இருந்த பூச்சிமருந்தத்தான் குடிச்சா. வண்டி இந்தா, இதே வாசல்லதான் நின்னுச்சு. சாவி எங்கப்பா இடுப்புல இருந்துச்சு. பொழுது அடையிற வரைக்கும் எடுக்கல. எங்கக்கா தண்ணி கேட்டா."

யாரும் திடுக்கிடவில்லை மதினி.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர்கூடப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த அருஞ்சுனை பெரியம்மா, "அது தெரிஞ்ச சங்கதிதானத்தா. நல்ல நாள்ல போயி அதை எதுக்குக் கிண்டுற" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணாச்சி மட்டும் என்ன செய்வாக, அவுக இடத்துல யாரு இருந்தாலும் அம்புட்டுத்தான்" என்றது. இன்னொருவர், "பிள்ளைக்கு வெயிலு தாங்கல, ஒரு சோடா வாங்கியாங்கப்பா" என்றார்.

சோடா வந்தது. குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

"நான் பேசுனது பதிஞ்சிருக்காண்ணே?" என்று ராஜபாண்டி அண்ணனைக் கேட்டேன்.

"பேச்சு இதுல ஏறாது தங்கச்சி. மேல பாட்டுத்தான் ஓடும். ஆனா என்னமா வந்துருக்கு தெரியுமா? வாய் அசையிறது அக்கா அக்கான்னு கூப்பிட்டு அழுகுற மாதிரியே இருக்கு. இனி எத்தன டேக் எடுத்தாலும் இது வராது. இதையே வச்சுக்கிறேன்."

அப்பா பக்கத்தில் வந்து, தோள் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "சொல்லிட்டேல்ல. ஆறிருச்சா?" என்றார். அம்மா வரவில்லை. அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு பந்தியில் இலை போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் பரிமாறினேன்.

நீங்கள் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டீர்கள். கரையில் நின்றவர்களுக்குத் தெரியாது என்று. முதல் பாட்டு எடுத்தபோது வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்களே, அவர்களுக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும். தெரிந்துதான் அழுதார்கள். அந்தச் சாயங்காலம் முழுவதும் எங்கள் வாசலைத் தாண்டித்தானே தோட்டத்துக்குப் போனார்கள், வந்தார்கள். வண்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். இத்தனை நாளும் நான் ஒருத்திதான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்தபோது கொஞ்சம் பலமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

உங்கள் குறிப்புகளில் இதற்கு ஏதாவது பெயர் இருந்தால் எழுத வேண்டாம்.

பாட்டு வந்துவிட்டதாம். நீங்கள் பார்ப்பீர்கள்.

அம்மா உங்களைச் சாப்பிடச் சொல்கிறாள்.

ரோஷினி


சுவாதிக்கு மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் உன் அப்பா சுகத்துக்கும் எழுதவும்.

மேலே ரோஷினி எழுதியதை வாசித்தேன். நடந்ததை நடந்தபடிதான் எழுதியிருக்கிறாள். நான் ஒரு வார்த்தையைக்கூட அடிக்கவில்லை. நானே தபாலில் சேர்க்கிறேன். இனிமேல் படகு, துடுப்பு என்று சுற்றி எழுத வேண்டாம். அது எனக்கு மாசி மாதமே விளங்கியது.

தை பிறந்ததும் இவளுக்குக் கல்யாணம். விருதுநகர் மாப்பிள்ளை, மளிகைக்கடை, நல்ல இடம். நீ முந்தியே வந்து கூட இருக்க வேண்டும்.

உன் கட்டுரையில் ஒரு சாயங்காலம் குறைகிறது என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை அதில் சேர்த்துக்கொள். எந்த ஆபீசரிடம் வேண்டுமானாலும் காட்டு. வாசிக்கிறவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே. விளங்கும்.

சங்கரலிங்கம்